ஐந்தொகையில் வராத சாவு

(ஒக்கூரில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

அவையில் உள்ள பெரியவர்களுக்கும், முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டுத் தூணோரம் போய் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும், வாசலில் நின்றபடியே கேட்கலாம் என்று முடிவு செய்துவிட்ட தம்பிகளுக்கும் வணக்கம்.

ஒக்கூரில் மேடை ஏறுகிறவன் சங்கப் புலவர் மாசாத்தியாரைக் கும்பிடாமல் வாய் திறக்கக் கூடாது. வேறு ஒக்கூர்களும் அவரைத் தங்கள் ஊர்க்காரர் என்கின்றன. அந்த வழக்கை இன்றைக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மேடையில் நின்றுகொண்டு விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. (சிரிப்பு.) அவர் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பவை எட்டுப் பாட்டு. குறுந்தொகையில் ஐந்து, அகநானூற்றில் இரண்டு, புறநானூற்றில் ஒன்று. எட்டில் இரண்டை மட்டும் இன்றைய பேச்சுக்காக எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று, குறுந்தொகை 126. இளமை போய்விடுமே என்று பாராமல் பொருள் தேடிப் போனவன் திரும்பவில்லை. எங்கே இருக்கிறான் என்றும் தெரியவில்லை. கார்காலம் வந்து, முல்லை அரும்புகளைப் பல்லாகக் காட்டி, வீட்டில் இருப்பவளைப் பார்த்துச் சிரிக்கிறது. இன்னொன்று, புறநானூறு 279. முந்தாநாள் சண்டையில் தகப்பன் போனான், நேற்றைய சண்டையில் கணவன் போனான், இன்றைக்குப் பறை கேட்டதும் ஒற்றை மகனுக்குத் தலைசீவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிற பெண்ணைப் பற்றியது. இதை வீரத்தாய்ப் பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு அதில் வேறொன்று உறைக்கும். அந்தப் பெண்ணுக்கு யார், எங்கே, எப்படி இறந்தார்கள் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. யானையோடு பொருது போனார் அப்பா. ஆநிரை மீட்கப் போய்ப் போனார் கணவர். செய்தி வீடு வந்து சேர்ந்திருக்கிறது.

1942-க்கும் 1945-க்கும் நடுவில் இந்தச் சீமையின் வீடுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. பொருள் தேடிக் கடல் கடந்து போனவன் போரில் மாட்டிக்கொண்டான். மாசாத்தியார் இரண்டு பாட்டில் பாடிய இரண்டு சங்கதிகளும் ஒரே ஆளின் தலையில் விழுந்தன. அந்த ஆளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நாவல்களைப் பற்றியும், எழுதப்படாமல் கிடக்கும் ஒரு நாவலைப் பற்றியும்தான் பேச வந்திருக்கிறேன்.

எழுதியவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். இந்தச் சாலையில் மதகுபட்டி, திருப்பத்தூர் தாண்டிப் போனால் சிங்கம்புணரி. ப. சிங்காரம் அங்கே 1920-இல் பிறந்தார். மதுரையில் படித்தார். 1938-இல், பதினெட்டு வயதில், சுமத்ராவின் மெடான் நகரத்தில் ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனார். போரை அங்கேயே இருந்து பார்த்தார். 1946-இல் ஊர் திரும்பி, மறுவருஷம் மதுரை ‘தினத்தந்தி’யில் சேர்ந்து, நாற்பது வருஷம் அங்கேயே வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல். ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் போட்டியில் பரிசு வாங்கி 1959-இல் புத்தகமாயிற்று. ‘புயலிலே ஒரு தோணி’யை 1962 வாக்கில் எழுதி முடித்தார், அச்சாக 1972 ஆயிற்று. பதிப்பகம் பதிப்பகமாகப் போய்ச் சுற்றிய கைப்பிரதி அது. இன்றைக்குத் தமிழின் சிறந்த பத்து நாவல் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இருக்கும். அன்றைக்கு அதை வாங்கி அச்சடிக்க ஆளில்லை.

‘புயலிலே ஒரு தோணி’யைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பான் படை மெடானுக்குள் நுழைவதில் கதை தொடங்குகிறது. பாண்டியன் வட்டிக்கடை ஆள். தொங்கான் என்ற தோணியில் ஏறிப் பினாங்குக்குப் போகிறான். நடுக்கடலில் புயல். தமிழில் அதுபோல் ஒரு கடல் புயலை அதற்கு முன்னும் பின்னும் யாரும் எழுதியதில்லை என்பது என் எண்ணம். மலாயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். ரகசிய வேலைகளில் இறங்குகிறான், கொலையும் செய்கிறான். போர் முடிகிறது. ஊருக்குத் திரும்பாமல் சுமத்ராவுக்குப் போய், டச்சுக்காரர்களை எதிர்த்துப் போராடும் இந்தோனேசியர்களோடு சேர்ந்து, அங்கேயே குண்டடி பட்டுச் சாகிறான். நடுநடுவே அவன் மனசு சின்னமங்கலத்துக்கும் மதுரைத் தெருக்களுக்கும் ஓடி ஓடி வரும். சின்னமங்கலம் என்று வரும் இடத்தில் நீங்கள் சிங்கம்புணரி என்று வாசித்துக்கொள்ளலாம்.

இதை யாரும் மர்ம நாவல் என்று சொல்வதில்லை. உளவு, ரகசியப் பணி, கொலை, தப்பித்தல் எல்லாம் இருந்தும் சொல்வதில்லை. ஏன் என்று யோசித்தால், மர்மக் கதைக்கு வேண்டிய ஒரே ஒரு ஆளைச் சிங்காரம் வைக்கவில்லை என்பது புரியும். செத்தவனைத் தேடி வருகிறவன் இல்லை. சின்னமங்கலத்திலிருந்து யாரும் கப்பலேறிப் போய், ‘பாண்டியன் எங்கே?’ என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன கதையாகும் என்பதற்கு உலகத்தில் மாதிரி உண்டு. கிரகாம் கிரீன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1949-இல் வந்த ‘தி தேர்டு மேன்’ என்ற படத்துக்குக் கதை எழுதினார். மறுவருஷம் அது புத்தகமாகவும் வந்தது. போர் முடிந்த வியன்னா. நகரத்தை அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் கூறு போட்டு ஆள்கின்றன. மலிவு நாவல் எழுதிப் பிழைக்கும் மார்ட்டின்ஸ், நண்பன் ஹாரி லைம் கூப்பிட்டான் என்று வருகிறான். வந்த அன்று நண்பனுக்கு இறுதிச் சடங்கு. கார் மோதிச் செத்தான் என்கிறார்கள். பிணத்தைத் தூக்கியவர்கள் இரண்டு பேர் என்று ஒருவரும், மூன்று பேர் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். அந்த ஒரு ஆள் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு மார்ட்டின்ஸ் போகிறான். கடைசியில் வெளிப்படுவது, கலப்படப் பெனிசிலினை விற்றுக் குழந்தைகளைக் கொன்றவன் தன் நண்பன் என்பது. நண்பன் செத்தானா என்று தேடப் போனவனுக்கு, நண்பன் யார் என்று தெரிந்துவிடுகிறது. ‘போருக்குப் பிந்திய ரகசியம்’ என்ற ஒரு நாவல் வகையே அந்தச் சுவட்டில் வளர்ந்தது. இலங்கையில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி 2018-இல்கூட ‘வார்லைட்’ என்று ஒன்று எழுதினார். போர்க்காலத்தில் தன் தாய் என்ன வேலை பார்த்தாள் என்று மகன் பிற்காலத்தில் துருவிப் பார்க்கிற கதை.

ஐரோப்பாவில் போர் நடந்த ஊரிலேயே மக்கள் இருந்தார்கள். நமக்கோ போர் அக்கரையில், குடும்பம் இக்கரையில். நம்முடைய மர்மம் வேறு விதமானது. அதைச் சொல்ல நீங்கள் கிட்டங்கியைக் கொஞ்சம் மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். இங்கே பாதிப் பேருக்கு அது தெரிந்ததே. மீதிப் பேருக்காகச் சொல்கிறேன்.

நீளமான ஒரே கூடம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளில் ஒரு கூரைக்குக் கீழே பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, தரையில் பாய். விலாசம்தான் கடைக்குப் பெயர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. பகலில் வட்டிக் கணக்கு, ராத்திரி அதே இடத்தில் படுக்கை, சமையல் பொது. ஒரு தவணைக்கு மூன்று வருஷம். அதற்குள் ஊருக்கு வர முடியாது. பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துப் போவதும் வழக்கமில்லை. ஆக, கல்யாணமான ஆளுக்கும் ராத்திரியில் துணை என்பது பக்கத்துப் பெட்டிக்காரன்தான். அவன் கானாடுகாத்தானாக இருக்கலாம், ஒக்கூராக இருக்கலாம். இவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பவன் அவன். சாயங்காலம் இவன் எந்தத் தெருவுக்குப் போகிறான் என்று தெரிந்தவனும் அவன்தான். ஊருக்குக் கடிதம் எழுதும்போது எதை எழுதாமல் விட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஆகவே, ஒருத்தன் செத்தால் சாட்சி அந்த நண்பன். சேதியை ஊருக்குக் கொண்டுவருபவனும் அவனே. இரண்டு வேலையும் ஒரே ஆளிடம். கிரீன் கதையில் பிணம் தூக்கியவர்கள் எத்தனை பேர் என்று குழப்பம் வந்ததற்குக் காரணம் சாட்சிகள் பலராக இருந்தது. நம் கதையில் ஒரே சாட்சி. அவன் சொன்னதுதான் சாவு. சொல்லாமல் விட்டதுதான் மர்மம்.

ஜப்பான் ஆட்சி நடந்த அந்த மூன்றரை வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1941 டிசம்பரில் பினாங்கிலும் ரங்கூனிலும் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச்சில் ரங்கூனும் மெடானும் போயின. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்தே ஊர் வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். நடந்து வந்தவர்களில் ஒருவரான வெ. சாமிநாத சர்மா அதைப் புத்தகமாகவே எழுதினார். மலாயாவிலும் சுமத்ராவிலும் இருந்தவர்களுக்கு நடந்து வரவும் வழியில்லை. தபாலும் தந்தியும் அறுந்தன. அறுந்தது கிட்டத்தட்ட ஒரு தவணையின் காலம்; போனவன் முதலாளிக்குக் கணக்கு ஒப்படைத்துவிட்டு ஊர் வந்து, மறுபடி போகும் காலம். எத்தனையோ வீடுகளில் அந்தக் கணக்கு மட்டும் வரவே இல்லை.

அந்த மூன்றரை வருஷத்தில் வட்டிக்கடை ஆள் ஒருவனுக்கு என்னவெல்லாம் நேர்ந்திருக்கக் கூடும்? ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டில் வாழைமரம் போட்டிருந்ததால் அதற்கு வாழைமர நோட்டு என்று பெயர். 1944, 45-இல் அது வெறும் காகிதமாகிக்கொண்டிருந்தது. கடன்காரர்கள் பழைய டாலர் கடனை அந்த நோட்டில் கொண்டுவந்து கட்டினார்கள். வாங்கினால் முதலாளிக்கு நஷ்டம். மறுத்தால் ராணுவ அரசாங்கத்தின் நோட்டை மறுத்த குற்றம், ஜப்பான் ராணுவப் போலீசான கெம்பித்தாய் கூப்பிட்டு விசாரிக்கும். போர் முடிந்தபின் மலாயாவில் 1948-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, எந்தக் காலத்தில் கட்டிய ஜப்பான் பணத்துக்கு என்ன மதிப்பு என்று அளவு வைத்தார்கள். ஒரு தேதியை முன்பின் மாற்றி எழுதினால் ஒரு கடையின் தலையெழுத்தே மாறும் என்ற நிலை. கொலைக்குக் காரணம் தேடுகிற நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? எனக்குத் தெரிந்து யாரும் தொடவில்லை.

அடுத்தது நேதாஜி. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21-இல் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். அங்கே டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் நடந்த சங்கதி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நம் நகரத்தார் அவரைத் தசராவுக்கு வரும்படி அழைத்தார்கள். எல்லாச் சாதியாரையும் எல்லா மதத்தாரையும் உள்ளே விட்டால்தான் வருவேன் என்றார் அவர். விட்டார்கள். முஸ்லிம் அதிகாரிகளும் கூடவே கருவறை முன் போய் நின்றார்கள். அவருடைய உதவியாளர் ஆபித் ஹசன் பிற்பாடு இதைப் பதிவு செய்திருக்கிறார். நம் சமூகத்தின் பெருமைக்குரிய நாள் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே அக்டோபரில், போர் நடக்கும் காலத்தில் உயிரும் சொத்தும் உங்களுடையவை அல்ல, நாட்டுடையவை என்ற பொருளில் வணிகர்களைக் கூட்டி வைத்துக் கண்டிப்பாகப் பேசியவரும் அவர்தான். மனமுவந்து கொடுத்தவர்கள் உண்டு. பயந்து கொடுத்தவர்களும் உண்டு. இரண்டு பேரின் பெயரும் ஒரே பட்டியலில் ஏறியது. 1945-இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது அந்தப் பட்டியலைக் கண்டு எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்!

இந்திய தேசிய ராணுவத்தில் (இ.தே.ரா.) சேர்ந்தவன் கதை அதைவிடச் சிக்கல். பிரிட்டிஷார் பிடிபட்ட இ.தே.ரா. ஆட்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். கட்டாயத்தால் சேர்ந்தவன் ஒரு நிறம், மனசாரச் சேர்ந்தவன் இன்னொரு நிறம். 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் வழக்கு நடந்தது, நாடே கொந்தளித்தது. ஊர் ஊராக அந்தப் படைக்குக் கைதட்டினார்கள். ஆனால் விசாரணையில் அதிகாரி முன் நின்றவன் என்ன சொன்னான்? தான் தப்ப, ‘என்னை இன்னார்தான் இழுத்துவிட்டார்’ என்று சொன்னவன் இருந்திருப்பான். அந்த இன்னார் பக்கத்துப் பெட்டிக்காரனாகவும் இருந்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, 1945 ஆகஸ்ட் 15-க்கும் செப்டம்பர் முதல் வாரத்துக்கும் நடுவில் மலாயாவில் அரசாங்கமே கிடையாது. ஜப்பான் சரணடைந்துவிட்டது, பிரிட்டிஷ் கப்பல் இன்னும் வரவில்லை. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இறங்கி வந்து, காட்டிக்கொடுத்தவர்கள் என்று தாங்கள் கருதியவர்களைத் தீர்த்தார்கள். ஜப்பானியர் ஆவணங்களைக் குவித்து வைத்து எரித்தார்கள். பழைய பகைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்ட மூன்று வாரம் அது. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ போர் ஓயும் இந்தச் சமயத்தைத்தான் களமாக வைத்துக்கொள்கிறது. அவருக்கு மூக்கு இருந்தது.

அந்த நாவலில் செல்லையா இ.தே.ரா.வில் இருந்து திரும்பி வருகிறான். கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதமும் அவனும் விரும்புகிறார்கள். பிள்ளைக்கு இப்போது அவனைப் பிடிக்கவில்லை. துப்பாக்கி பிடித்த கை இனிமேல் பேரேட்டுக்கு உதவாது என்பது அவர் கணிப்பு. நம் விமர்சகர்கள் இதைக் காதல் தோல்விக் கதையாகவே வாசித்தார்கள். எனக்குப் பிள்ளைதான் அந்த நாவலின் நடுநாயகம். அவன் அங்கே என்ன செய்தான், யாரைக் கொன்றான், யார் சாவதைப் பார்த்தான் என்று அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் அவனைப் புரிந்துகொள்ள நேரிடும். அதைவிடக் கேட்காமலே விலக்கிவிடுவது லாபம். வட்டிக்கடைக்காரர் அல்லவா, சிக்கலான கடனை வசூலிப்பதைவிட எழுதித் தள்ளிவிடுவது மேல் என்று அவருக்குத் தெரியும்.

ஊர் வந்து சேர்ந்த நண்பனிடமும் நம் வீடுகள் இதையேதான் செய்தன என்று நினைக்கிறேன். 1946 வாக்கில் கப்பல் வந்து நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கி, ஒருத்தன் சேதி கொண்டுவருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் உட்காருகிறான். ஆச்சி நிலைப்படிக்கு உள்ளே நிற்கிறாள். ‘காய்ச்சல்ல போய்ட்டாக’ என்கிறான். அந்த ஒரு சொல் எத்தனையை மூடும் என்று பாருங்கள். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போகப்பட்டு அங்கே செத்திருக்கலாம். 415 கிலோமீட்டர் நீளம், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கொத்துக் கொத்தாக ஏற்றிச் செல்லப்பட்ட பாதை அது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலே எழுதினார். கெம்பித்தாய் கொண்டுபோயிருக்கலாம். காட்டிக்கொடுத்தவன் என்று கெரில்லா சுட்டிருக்கலாம். சாகவே இல்லாமல், அங்கேயே ஒரு மலாய்ப் பெண்ணோடு குடும்பமாகி, ‘நான் செத்துட்டேன்னு சொல்லிடு’ என்று நண்பனிடம் சொல்லியிருக்கலாம். ஹாரி லைம் வியன்னாவில் மட்டும்தான் பிறப்பானா?

ஆச்சிக்கு அதில் எது நடந்தது என்பதைவிட அவசரமான கேள்விகள் இருந்தன. கழுத்தில் கிடக்கும் தாலியை என்ன செய்வது? திதி எந்த நாளில்? முன்னோர் படைப்பில் அவரைச் சேர்ப்பதா? பிள்ளை இல்லாவிட்டால் சுவீகாரம் எடுக்கலாமா? சொத்து எந்தப் பங்காளிக்கு? தேதி இல்லாத சாவை வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றையும் முடிக்க இயலாது. ஆகையால் ஒரு தேதி தேவைப்பட்டது. நண்பன் ஒரு தேதியைச் சொன்னான். அது உண்மையான தேதியா என்று நூல் பிடித்துப் பார்க்கும் நிலையில் யாரும் இல்லை, பார்ப்பதில் யாருக்கும் ஆதாயமும் இல்லை.

இங்கே ஒன்றைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் சமூகம் போரைப் பணமாக நினைவு வைத்திருக்கிறது. பர்மாவில் நமக்கு எவ்வளவு நிலம் போயிற்று என்று கேட்டால் சின்னப் பையனும் சொல்வான். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாகக் கைக்கு வந்து 1937-இல் இருபத்தைந்து பங்கானது, 1948-இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது, எல்லாம் போயிற்று. இழப்பீடு கேட்டு எழுதிய மனுக்கள் அலமாரி அலமாரியாக இருக்கும். போன ஏக்கருக்குக் கணக்கு இருக்கிறது. போன பெட்டியடிப் பையனுக்கு? முதலாளிக்குச் சேர வேண்டியது வரவில்லை என்றால் வருஷக் கணக்கை முடிக்கும் ஐந்தொகையில் தெரியும். சம்பளத்துக்குப் போன ஆள் வரவில்லை என்றால் அதில் தெரியாது. வட்டிக்கடையில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் நகரத்தார் இல்லை. பிள்ளைமார், நாடார், கோனார், சமையலுக்குப் போனவர்கள் என்று பலரும் உண்டு. அவர்களின் வீடுகள் அரண்மனை மாதிரி இல்லாததால் யாரும் புகைப்படம் எடுக்க வருவதில்லை. சிங்காரம் முதலாளி வீட்டைப் பற்றி எழுதவில்லை. பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி எழுதினார். அதனால்தான் அவர் முக்கியம்.

ஒரே ஒரு சாவைப் பற்றி மட்டும் நாம் விடாமல் கேட்டோம். 1945 ஆகஸ்ட் 18, தைஹோக்கு விமான விபத்து. நேதாஜி இறந்தாரா? நம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் இல்லை, உயிரோடு இருக்கிறார் என்றார். அவர் வெறும் ஆர்வத்தில் பேசியவர் அல்ல, ஃபார்வர்டு பிளாக் தலைவர், நேதாஜியின் அணுக்கத் தோழர். 1956-இல் ஷா நவாஸ் குழு, 1970 முதல் 74 வரை கோஸ்லா ஆணையம், 1999-இல் அமைந்த முகர்ஜி ஆணையம். முதல் இரண்டும் விபத்தில் இறந்தார் என்றன. மூன்றாவது இல்லை என்றது. அரசாங்கம் மூன்றாவதை ஏற்கவில்லை. விமான நிலைய ஆவணம், மருத்துவரின் சாட்சியம், தகனச் சான்றிதழ், அஸ்தி, நகைப் பெட்டி என்று ஆயிரக்கணக்கான பக்கம். தலைவர் சாவுக்கு மூன்று ஆணையம் தகும். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆணையங்கள் கேட்ட கேள்விகளை ஒக்கூர் ஆள் ஒருவனுக்காக ஒரு முறை கேட்டுப் பாருங்கள்: கடைசியாகப் பார்த்தவர் யார், உடலை யார் தூக்கினார், சான்று எங்கே, சேதி கொண்டுவந்தவர் எந்தத் தேதியைச் சொன்னார், அந்தத் தேதியால் யாருக்கு லாபம்? நாவல் தானாக நடக்கத் தொடங்கிவிடும்.

எழுத நினைக்கும் தம்பிகளுக்கு இரண்டு வேண்டுகோள். நேதாஜியைக் கதைக்குள் நடமாட விடாதீர்கள். அவர் வந்தால் மற்ற எல்லாரும் பின்னால் போய்விடுவார்கள். வாசகன் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டாவது, துப்பறிபவனாகப் போலீஸ்காரனையோ பத்திரிகைக்காரனையோ கொண்டுவராதீர்கள். இந்தக் கதையைத் துப்பறியத் தகுதியுள்ளவள் நிலைப்படிக்கு உள்ளே நின்ற ஆச்சிதான். அவளுக்குக் கணவனின் கையெழுத்துத் தெரியும், அவன் கடிதத்தில் எதை எழுதமாட்டான் என்பது தெரியும், நண்பன் பொய் சொல்லும்போது கண்ணை எங்கே வைப்பான் என்பதும் தெரியும். அவளுக்கு இல்லாதது கப்பல் டிக்கெட் மட்டுமே. அதை வாங்கிக் கொடுப்பதா வேண்டாமா என்பது நாவலாசிரியர் பாடு. நானாக இருந்தால் கொடுக்கமாட்டேன். வளவை விட்டு வெளியே வராமலே அவள் பினாங்கைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சிங்காரத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவருக்கு அக்கரையில் இருந்தபோது கல்யாணம் நடந்தது. பிரசவத்தில் மனைவியும் குழந்தையும் போனார்கள். அதன்பின் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மதுரையில் ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறை ஒன்றில் தனியாகவே வாழ்ந்து, சேர்த்த பணத்தையெல்லாம் ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கு எழுதி வைத்துவிட்டு, 1997 டிசம்பரில் காலமானார். இரண்டாவது நாவல் வெளிவந்த பின் இருபத்தைந்து வருஷம் அவர் புனைகதை எதுவும் வெளியிடவில்லை. பதிப்பாளர்கள் காட்டிய அலட்சியம் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது உண்மைதான். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. தெரிந்ததில் எவ்வளவைச் சொல்வது, எவ்வளவை விடுவது என்று முடிவு செய்த நண்பன் அவர். பாண்டியன் சாவை எழுதிவிட்டார். மீதியை எழுதவில்லை. என் சந்தேகத்துக்கு ஆதாரம் கேட்காதீர்கள், வாசகனின் சந்தேகம் அது.

முடிக்குமுன் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒருவர் சேர்த்து வைத்த அச்சுப் புத்தகங்களும் பத்திரிகைகளும் அழைப்பிதழ்களும் நோட்டீசுகளும்தான் அவர் 1992-இல் இறந்தபின் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகமாயின. சிகாகோ பல்கலைக்கழகம் வந்து வாங்கிய சரக்கு அது. உங்கள் வீடுகளில் இருப்பது அச்சில் வராத சரக்கு. கதவையும் தூணையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போடும்போது பெட்டகத்தில் கிடக்கும் பேரேட்டையும் கடிதக் கட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பேரேடு கையில் கிடைத்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று ஒருவர் பேச்சுக்கு முன்னால் என்னிடம் கேட்டார். கொடுக்கல் வாங்கல் பக்கங்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஆள் சம்பளப் பற்று எழுதிய பக்கத்தைத் திருப்புங்கள். 1941-இல் ஒருவர் பெயரில் பற்று ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஒன்றும் இருக்காது. 1946-இலோ 47-இலோ அதே பெயரில் மீதித் தொகை கொடுத்துக் கணக்கைத் தீர்த்திருந்தால், அந்த வரியில் எந்தத் தேதி போட்டிருக்கிறது, பணம் யாரிடம் போனது, வாங்கியவர் கையெழுத்தா கைநாட்டா, பக்கத்தில் சாட்சி போட்டவர் யார் என்று பாருங்கள். சாட்சி போட்டவர் பெயரையும், சேதி கொண்டுவந்ததாக வீட்டில் சொல்லும் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். வேறு வேறாக இருந்தால் நீங்களே உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிடலாம்.

மைக்கை அந்தத் தூணோரம் கொண்டுபோங்கள் தம்பி. ஆச்சி ஏதோ கேட்க வேண்டும் என்கிறார்கள்.